மாற்றிச் சொன்ன முடிவு

அன்புள்ள அக்கா,

காலையில் எழுந்ததும் முதலில் இவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது.

சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலாவது வெறும் இரைச்சல். இரண்டாவதில் பாதி தூங்கிவிட்டேன். நேற்றைய படம் நன்றாக இருந்தது. நோயாளிக் கணவன் கடைசியில் இறந்துவிடுகிறான்.

இவரால் எழுந்து நடமாட முடியவில்லை. என்னைத் தியேட்டருக்கு அனுப்பிவிட்டு, வந்ததும் கதை கேட்பார். அவன் பிழைத்துக்கொண்டான் என்று சொன்னேன்.

"நீ பாக்குற படத்துல யாருமே சாகமாட்டாங்களா?" என்று சிரித்தார். "டாக்டர் சொன்னதையும் இப்படித்தான் மாத்திச் சொன்னியா?"

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

மருத்துவர் ஒரு மாதம்தான் என்றார். நான் இவரிடம் குணமாகிவிடும் என்று சொல்லியிருந்தேன். இந்த முடிவை யாரிடமும் இன்னும் சொல்லவில்லை: இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் இவரிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

உன் தங்கை