பாட்டின் கடைசி அடியில் தங்கள் பாட்டனார்

நலமே சூழ்க. முத்துத் துறைகளுக்கும் உப்பளங்களுக்கும் உரியவரும், நாடி வந்தவர்க்கு நிழலும் சோறும் மறுத்தறியாத குடியில் தோன்றியவருமான கடலாடு நாட்டு வேந்தர் திரையன்கோ பெருமானின் திருமுன், பொன்னெயில் நாட்டு மன்னர் பெருநற்கோவின் ஆணைப்படி அவர்தம் அமைச்சன் எயினந்தை பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கலங்கள் குறையின்றிக் கரை சேர்க. இங்கு மன்னரும் மக்களும் நலம், ஏரிகளும் நிரம்பியுள்ளன.

இவ்வோலையுடன் வருபவர் மாயிலன் என்னும் பாடகர். முழவும் பறையும் அதிர அவர் பாடும் பாட்டுகளை எங்கள் நாட்டில் வண்டியோட்டுவோர் முதல் அரண்மனை மடைப்பள்ளியார் வரை முணுமுணுக்காத வாய் இல்லை. காதில் கனத்த குழையும், பின்னால் குடைபிடிக்க ஆளுமாகத் திரிபவர். தம் புகழைத் தாமே நன்கு அறிந்தவர். அதை மறைக்கப் பெரிதாக முயல்பவரும் அல்லர். அவர் எல்லை கடந்து வரும் காரணத்தைத் தாங்கள் பிறர் வாயால் கேட்குமுன் நானே உரைப்பது முறை.

முன்பு தங்கள் துறைமுகத்தில் தங்கியிருந்தபோது, தங்கள் பாட்டனார் அவையில் யாழ்ப் புலவராய் வாழ்ந்து மறைந்த அந்துவனாரின் பழம்பாட்டுகளை இவர் கேட்டிருக்கிறார். கேட்டவர் கற்றுக்கொண்டார், கற்றதை ஒரு கோவையாகத் தொகுத்தார். இளவேனில் விழாவில் அவரது ஆட்டப்பாட்டைக் கேட்க மன்னர் அழைத்திருக்க, முழவு ஒன்றும் இல்லாமல், ஒரே ஒரு யாழ்க்காரரோடு வந்து அமர்ந்து, முன்வரிசைக்கே எட்டாத குரலில் அக்கோவையைப் பாடத் தொடங்கினார். ஆட வந்த கூட்டம் வாயிலில் நின்று கூச்சலிட்டது. அரண்மனை யாழோர் தலைவர் நன்னாகர், சுருதி விலகிய இடந்தோறும் அருகிருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். மதகில் நீர் விழும் ஓசையைத் தவிர வேறு இசை அறியாத அடியேன், உள்ளதைச் சொன்னால், கண்ணயர்ந்துவிட்டேன். அவை முழுதும் திடீரென அடங்கியதால் விழித்தேன். இறுதிப் பாட்டின் கடைசி அடியில் மாயிலன் தங்கள் பாட்டனார் பெயரைச் சொல்லி வாழ்த்தியிருந்தார்.

பாடியவர்க்குச் சோறிட்ட வேந்தரின் பெயர் பாட்டின் ஈற்றில் நிற்பது யாழ்ப்பாட்டின் மரபு. பிறநாட்டில் பிறந்த பாட்டு எங்கள் அவைக்கு வந்தால், அந்தப் பெயரை எடுத்துவிட்டு எங்கள் மன்னர் பெயரை வைத்துப் பாடுவது எங்கள் யாழோரின் வழக்கம். முடிசூட்டுதோறும் பெயரும் மாறும். அந்துவனாரின் பாட்டையும் அவ்வாறே பெயர் மாற்றிப் பாடி வந்தார்கள். மாயிலனோ இவ்வழக்கத்தை அறியாதவர். ஆனால் அறியாமை எங்கள் சட்டத்தில் விலக்கன்று. அரச மண்டபத்தில் அயல்வேந்தரை வாழ்த்தியவர் நாட்டெல்லையைக் கடக்க வேண்டும், இங்கே மீண்டும் பாடவும் கூடாது. நன்னாகர் அதையே வேண்டி முறையிட, வழக்கு என்னிடம் வந்தது.

மாயிலனுக்கு எளிய வழி ஒன்று காட்டினேன். அதே பாட்டை எங்கள் மன்னர் பெயரோடு ஒருமுறை பாடிவிட்டால் குற்றம் நீங்கும் என்றேன். ஊர்தோறும் தமக்காகக் காத்திருக்கும் கூட்டத்தை இழக்க நேரும் என்பதையும் எடுத்துரைத்தேன். அவர் முகம் வெளுத்தது. குடைக்காரனைக்கூட வெளியே அனுப்பினார். பின் கூறிய விடையை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஐயா, அந்தப் பெயரை எடுத்துவிட்டால் அந்த மனிதர் எதற்கு அழுகிறார் என்றே தெரியாதே."

பாட்டின் பொருள் தாங்கள் அறிந்ததே. உன் நிழலில் இருக்கிறேன், உன் சோற்றை உண்கிறேன், ஆயினும் என் பொன்னெயிலை நினைத்தால் கை யாழை விட்டு நழுவுகிறது என்பது அது. அந்துவனார் எங்கள் ஊரார். இங்கே யாழ்ப்பதவி கேட்டு, அது வேறொருவர் மருகனுக்குப் போனதால் தங்கள் நாட்டுக்கு வந்தவர். பொன்னெயிலில் அமர்ந்து, பொன்னெயில் சோற்றை உண்டுகொண்டே ஒருவர் பொன்னெயிலுக்காக ஏன் அழ வேண்டும் என்று இத்தனை காலமும் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. யாழோர் பாடினார்கள், நாங்கள் தலையசைத்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

இதை மன்னரிடம் உரைத்தேன். அவர் நன்னாகரையும் அருகிருத்தி, அப்பாட்டை மீண்டும் பாடப் பணித்தார். தங்கள் பாட்டனார் பெயரை மாற்றாமலே மாயிலன் பாடினார். குரல் நடுங்கியது, சுருதி முன்னினும் மோசம். இம்முறை நன்னாகர் சிரிக்கவில்லை. அடியேனும் உறங்கவில்லை.

மன்னர் தீர்ப்பு இது. இனி எப்பாட்டிலும் பெயர் மாற்றலாகாது. சட்டத்தையும் வளைக்க முடியாதாகையால் மாயிலன் எல்லையைக் கடக்கவே வேண்டும். ஆனால் எங்கள் தூதராகக் கடப்பார். தங்கள் நகரிலுள்ள அந்துவனார் நடுகல்லின் முன் அக்கோவையைப் பாடுவார். தூது முடித்துத் திரும்புபவர்க்குப் பழைய தடை எதுவும் இல்லை என்பது என் துறையில் தெளிந்த விதி. ஆகவே அவர்க்கு வழிக்காவலும் தங்குமிடமும் தந்தருள வேண்டுகிறோம். முழவுப் பாட்டு வேண்டுமென்றால் தயங்காது கேளுங்கள். அதைத்தான் அவர் நன்றாகப் பாடுவார்.

கொடுத்த சொல் குன்றாதிருக்க, இரு நாட்டு நட்பும் நீள்க என வாழ்த்தி, மன்னர் முன்னிலையில் எழுதி, மீன்கொத்தி இலச்சினை இட்டேன். எயினந்தை எழுத்து.

இலச்சினைக்குக் கீழே மன்னர் தம் வாயால் சொல்லி எழுதச் சொன்னது: தாங்கள் அவரை நன்றாக வைத்துக்கொள்வீர்கள் என்பதே என் அச்சம். ஊரை நினைத்து அவர் ஒரு புதுப்பாட்டுக் கட்டத் தொடங்குமுன் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதன் கடைசி அடியில் தங்கள் பெயர் இருக்கும். அதை இனி நாங்கள் மாற்றவும் முடியாது.