கழுவின சுவர்

சிலிபின், 14-10-1982

அன்பு மக நவமணிக்கு, அம்மா ராக்காயி சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு காளியம்மா எழுதுறது. நானும் உங்கப்பாவும் மாரியாத்தா புண்ணியத்துல சொகமா இருக்கோம், நீ படிக்கப் போன சீமைக் குளிருல எப்படி இருக்கேன்னு எழுது. உங்கப்பாவுக்கு முட்டிவலி, கோயிலுக்குக் கூப்பிட்டா வலிக்குது, கூட்டாளிங்க தாம் காய் நகத்தி ஆடக் கூப்பிட்டா வலிக்கல.

நீ கொசுவுக்குப் பாடம் சொல்லித் தர்றதா எழுதினதைக் காளியம்மா படிச்சுக் காட்டினா. ஒரு வாசனையைக் காட்டி ரத்தம் குடுத்தா மறுதடவை அந்த வாசனையத் தேடி வருதாம், அடிபட்ட வாசனைக்கு வராதாம், உங்கப்பாவுக்கு அந்தப் புத்திகூட இல்லைன்னு அவ சொல்ல, சிரிச்சோம். அடுத்த வரியில சிரிப்பு நின்னுபோச்சு. நாம தோட்டத்துல இருந்தப்ப லயத்து வீடு பூரா கொசு மருந்தடிச்சும் நம்ம வீட்டுல மட்டும் கொசு கடிச்சு அப்பாவுக்கு மலேரியா வந்துச்சே, அந்தக் கொசு மருந்துக்குத் தப்பக் கத்துக்கிச்சோ, படிச்ச பெரியவங்க கூட்டத்துல இதைப் பேசப் போறேன், மருந்தடிச்ச அர்ச்சுனன் மாமாவுக்கும் எழுதிக் கேக்கப் போறேன்னு எழுதியிருந்தே.

வேணாம்மா. அந்தக் கொசு ஒண்ணும் கத்துக்கல. அர்ச்சுனன் அண்ணே, ஆறு மாசத்துக்குச் சுவத்தைக் கழுவாதே தங்கச்சி, மருந்து போயிடும்னு சொல்லிட்டுத்தான் போனாரு. சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையா திட்டு. அந்த வருசத் தீவாளிக்கு ஆயர் தாவார்லருந்து என் நாத்தனா வாரா, அவ வாய் உனக்குத் தெரியும், என் கல்யாணச் சாம்பாருல உப்பு இல்லேன்னு இன்னமும் சொல்றவ. நான் சவுக்காரம் போட்டுத் தேச்சுக் கழுவி சுண்ணாம்பு அடிச்சுட்டேன். உங்கப்பா காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, தோட்டத்துல வைத்தியம் பாக்குற டிரெசர் வந்து உங்க வீட்டுல மட்டும் ஏன் கொசுன்னு கேட்டாரு. மருந்தடிச்ச ஆளு ஒழுங்கா அடிக்கலைன்னு என் வாயாலயே சொன்னேன். மறுநாளே அர்ச்சுனன் அண்ணனை மருந்து வேலையிலருந்து எடுத்துப் புல்லு வெட்டப் போட்டாங்க. அப்பவும் என்னைப் பாத்தா, மச்சானுக்கு இப்ப தேவலையா தங்கச்சின்னுதான் கேப்பாரு. நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். பதினாலு வருசமா உங்கப்பாவுக்கும் தெரியாது. காளியம்மா பேனாவை நிறுத்திட்டு என்னையே பாக்குறா, எழுதுடின்னு சொன்னேன்.

அர்ச்சுனன் அண்ணே இப்ப பத்துகாஜா ஊருல அவர் மக வீட்டுல இருக்காரு. உங்கப்பாகிட்ட சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போறேன். அவர் என்ன ஏசினாலும் கேட்டுக்குறேன். நீ அதுக்குள்ள அவருக்கு எழுதிடாதே, என் வாயால கேக்கட்டும்.

கம்பளி போத்திக்கோ, பட்டினி கெடக்காதே, ஆத்தா உனக்குத் துணை இருப்பா. அந்தப் பேச்சுல நம்ம வீட்டைச் சொல்லித்தான் ஆகணும்னா, எங்கம்மா சுவத்தைக் கழுவிட்டான்னு சொல்லு. அர்ச்சுனன் ஒழுங்காத்தான் மருந்தடிச்சாருன்னு அவர் பேரைச் சொல்லியே சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா ராக்காயி, கைநாட்டு