பாலத்துக் காவல்காரரின் பெயர்

ரூஜ், ரொறன்ரோ
வைகாசி (மே) 3

அன்புள்ள பிரவீனன்,

இங்கே நாங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு நாளைக்கு ஒருதரம் போனில் முகம் பார்க்கிற பிள்ளைக்கு அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய், மன்னித்துக்கொள். உன் முகத்தைக் கண்டால் சாப்பிட்டாயா, உடுப்புத் தோய்த்தாயா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது, சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். தங்கச்சி கஜனி கார் ஓட்டும் சோதனையில் பாஸ், ஆனால் அப்பா இன்னும் திறப்பைக் கொடுக்கவில்லை, “உவள் கராஜ் கதவையும் சேர்த்துக் கொண்டுபோவாள்” என்கிறார்.

முன்வீட்டு வேரோனிக்கா மூன்று கிழமையாக என்னோடு கதைப்பதில்லை. பிழை என்னுடையது. போன வருடம் யூனிவர்சிற்றியில் என் கடைசிப் பாடத்துக்காகப் போர்க்காலத்தைக் கண்ட ஒருவரிடம் கேட்டு எழுதச் சொன்னார்களே, அவரிடம்தான் போனேன். ஏழு வருடம் படித்தும் வகுப்பில் ஒருநாள்கூடக் கை உயர்த்தாதவள் அவருடைய குசினியில் மட்டும் தயங்காமல் கேள்வி கேட்டேன். நெதர்லாந்தில் ஜெர்மனியின் எல்லையை ஒட்டி ஒரு ஆற்றுப் பாலம், அதில் அவருடைய அப்பா காவல், வேரோனிக்காவுக்கு அப்போது ஐந்து வயது. நெதர்லாந்து, பெல்ஜியம், லக்சம்பேர்க் மூன்றும் நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த சின்ன நாடுகள். முதலாம் உலகப் போரில் நெதர்லாந்தை ஒருவரும் தொடவில்லை, இந்த முறையும் தொடமாட்டார்கள் என்று அங்கே சனம் நம்பியிருந்தது. 1940 வைகாசி பத்தாம் திகதி விடியும்போது சொந்த நாட்டுச் சீருடையில் சிலர் பாலத்துக்கு வந்து, கைதிகளைக் கொண்டுபோகிறோம் என்றார்கள், அவர் தடையைத் திறந்துவிட்டார். சீருடைக்குள் இருந்தவர்கள் ஜெர்மன்காரர். அவரைச் சுட்டுக் கொன்றார்கள், பின்னால் படை வந்தது, ஐந்தாம் நாள் நாடே சரணடைந்தது. எல்லாம் அவரால்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டே இருந்ததாம், தாயும் மகளும் கனடாவுக்குக் கப்பல் ஏறியது அந்தப் பேச்சைத் தாங்கமுடியாமல்தான்.

நான் முதலில் எழுதியதைப் படித்த பேராசிரியர், கவனமாக எழுதியிருக்கிறாய், ஆனால் உன் முடிவு என்ன, துணிந்து சொல் என்று ஓரத்தில் குறித்திருந்தார். எங்கள் குடும்பத்தில் யூனிவர்சிற்றிப் படியேறிய முதல் ஆள் நான், எனக்குத் துணிவில்லை என்று நினைத்துவிடுவார்களே என்று பயந்துபோனேன். நடுநிலை என்பது கண்ணை மூடிக்கொண்டிருப்பது என்றும், அந்தக் காவல்காரரின் முட்டாள்தனம்தான் அந்த நாட்டின் முட்டாள்தனம் என்றும் மாற்றி எழுதினேன். இந்தச் சித்திரையில் நல்ல புள்ளி கிடைத்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, “என்ர மனுசி எழுதினதை அவவும் வாசிக்கட்டும், பிறகென்ன படிப்பு” என்று பிரிண்ட் எடுத்து, நான் பார்க்கப் பார்க்க வேரோனிக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் மரக்கறிப் பையோடு ட்ரைவ்வேயில் நின்றேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மறுநாள் தாள்கள் எங்கள் தபால் பெட்டிக்குள் திரும்பி வந்திருந்தன, முட்டாள்தனம் என்ற சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு, வேறொன்றும் இல்லை.

எனக்குத் தெரியாததா தம்பி. ஊரில் சண்டைக் காலத்தில் உன் அம்மப்பா ஒருநாள், “ஐயா, கொஞ்சம் தண்ணி தாங்கோ” என்று நல்ல தமிழில் கேட்ட குரலுக்குக் கதவைத் திறந்தார், திறந்த பிறகுதான் ஆமிச் சப்பாத்துகளைக் கண்டார். என் அண்ணாவைக் கொண்டுபோனார்கள், இன்றுவரை தகவல் இல்லை. அம்மப்பாவை நாங்கள் ஒருவரும் முட்டாள் என்று சொன்னதில்லை. மனதாலும் நினைத்ததில்லை. அதையே செய்த இன்னொரு மனிதரைப் புள்ளிக்காக அப்படி எழுதினேன். மன்னிப்புக் கேட்க இரண்டுதரம் போய்க் கதவைத் தட்டினேன், ஜன்னல் சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. ஆனி முதலாம் திகதி அவர் யூனியன்வில்லில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போகிறார், வீட்டை விற்கப்போகிறார்கள்.

நீ நீண்ட ஆயுளோடு நல்லாயிருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர் கிடைக்க வேண்டும். வேலைக்குப் போகுமுன் ஏதாவது வயிற்றுக்குள் போடு, வெறும் கோப்பியோடு ஓடாதே.

கேட்க வந்ததை இப்போதுதான் எழுதுகிறேன். அந்தப் பாலத்தடியில் இறந்தவர்களுக்கு ஒரு கல் இருக்கிறதாம், அதில் வேரோனிக்காவின் அப்பாவின் பெயரை ஊர் விட்டுவிட்டது. சில வருடங்களுக்கு முன் புதுக்கல் வைத்தார்களாம், பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேரோனிக்காவுக்குத் துணிவு வரவில்லை என்று அவருடைய மகள் சொன்னார். இணையத்தில் படம் பார்த்தேன், எழுத்துத் தெரியவில்லை. அதே நெதர்லாந்தில், ஐந்தோவனில் நீ இருக்கும் இடத்திலிருந்து ரெயினும் பஸ்ஸுமாக இரண்டு மணித்தியாலம். அந்தக் காவல்காரரின் பெயர் யோஹான்னஸ் ஸ்மேற்ஸ், என் கட்டுரையில் நான் அதை ஒரு இடத்திலும் எழுதவில்லை. இந்த மாதம் முடியுமுன் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்ப்பாயா? இருந்தால் படம் எடுத்து அனுப்பு. இல்லையென்றால் இல்லை என்றே எழுது, அம்மா பாவம் என்று ஒன்றும் கூட்டிச் சொல்லாதே, எதுவானாலும் அவருடைய கதவுக்கு வெளியே நின்றாவது நானே சொல்ல வேண்டும்.

உன் அன்புள்ள அம்மா,
பிரதீபா