ஏழாவது எலும்பு

செவ்வாய், ஜூலை 8

காலையிலேயே புழுக்கம். முடிச்சூர் ரோட்டில் பஸ் நகரவே இல்லை. இருந்தும் எட்டு மணிக்கே ஸ்கேன் சென்டரில் ஆஜர். எங்கள் சீனியர் டெக்னீஷியன் சுரேஷ் அண்ணா, தங்கை கல்யாணத்துக்கு லீவு. மூன்று நாளைக்கு எக்ஸ்ரே ரூம் முழுக்க எனக்கே! சேர்ந்த ஐந்து மாதத்தில் முதல் முறை.

இன்று: நெஞ்சு 9, முழங்கால் 6, கழுத்து 2. காசு விழுங்கிய குழந்தை 1 (காசு வயிற்றுக்கு இறங்கிவிட்டது, அம்மாக்காரிதான் இன்னும் அழுகை). திரும்ப எடுக்க வேண்டி வந்தது ஒரே ஒரு படம். சாப்பிட மறந்தேன். பசிக்கவும் இல்லை.

புதன், ஜூலை 9

வரிசையாக எழுத வேண்டும்.

பதினொரு மணி. கோதண்டம், தண்ணி டேங்கர் டிரைவர், நாற்பது இருக்கும். மூட்டை தூக்குகிறவர் மாதிரித் தோள். நேற்று மேடவாக்கத்தில் டேங்கர் மேலே ஏறி மூடியைத் திறக்கும்போது சறுக்கி, தலை அடிபட விழுந்தாராம். கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு நடந்து வந்தார். கூட மனைவி மல்லிகா. டாக்டர் எழுதிய சீட்டில் கழுத்துக்கு இரண்டு படம்: நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

"வெறும் சுளுக்கு பாப்பா. சாயங்காலம் பெருங்களத்தூர்ல சுளுக்கு எடுக்குறவராண்ட போறேன். ஒரு திருப்பு திருப்புனா சரியாப்பூடும். இவதான் படம் புடின்னு ஒரே பேஜார்."

பக்கவாட்டுப் படத்தில் மேலிருந்து எண்ணினேன். கழுத்துக்கு ஏழு இருக்க வேண்டும்; ஆறு எலும்புதான் தெரிந்தது. ஏழாவது, தோளின் நிழலுக்குள். வழக்கமாக இரண்டு கையிலும் மணல் பையைக் கொடுத்துத் தோளை இறக்குவோம். விழுந்தவரை இழுக்கப் பயம்.

ரிசப்ஷன் ஷீலா அக்கா எட்டிப் பார்த்து, "வெளிய பதினாலு பேர் உக்காந்திருக்காங்க. எழுதின ரெண்டும் எடுத்தாச்சுல்ல? அனுப்பும்மா" என்றார்.

படத்தைக் கவரில் போட்டும் விட்டேன். கொடுக்க மனசு வரவில்லை. "விரல் ஏதாச்சும் மரத்துப் போகுதாண்ணா?" என்று கேட்டேன்.

"நடுவிரலு மட்டும் நேத்துலேர்ந்து மதமதன்னு கீது. அது தூங்குனா பூடும்."

எங்கள் ரேடியாலஜி டாக்டர் மாலையில்தான் வருவார். போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. மூன்றாவது தடவை எடுத்தார். விழுந்தது, விரல் மரத்தது எல்லாம் சொன்னேன்.

"ஏழாவது தெரியுதா?"

"இல்ல சார்."

"அப்ப அனுப்பாதே. காலர் போட்டுப் படுக்க வை. கழுத்து அசையக் கூடாது. ஸ்விம்மர்ஸ் வியூ எடுத்து அனுப்பு."

ஸ்விம்மர்ஸ்: நீச்சலடிப்பவர் மாதிரி ஒரு கை தலைக்கு மேலே, இன்னொன்று உடம்போடு. தோளின் நிழல் விலகும். படிக்கும்போது பரீட்சைக்கு வரைந்ததோடு சரி. தலையை நான் பிடித்துக்கொள்ள, ஷீலா அக்காவும் மல்லிகாவும் தாங்கி, மெதுவாகப் படுக்க வைத்தோம்.

ஸ்கிரீனில் படம் வந்தது. ஏழாவது எலும்பு தெரிந்தது. அதில் ஒரு பிளவு. ஆறாவது அதன்மேல் முன்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். பிடித்துவிட்டேன்! அடுத்த நொடியே வெட்கம். அந்த மனிதர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார்.

டாக்டர் இரண்டே நிமிடத்தில் கூப்பிட்டார். "எலும்பு விலகியிருக்கு. உடனே ஆம்புலன்ஸ். அவர் எழுந்திருக்கவே கூடாது."

"இன்னா இது, நடந்து வந்தவனப் போய் ஸ்ட்ரெச்சர்ல தூக்குறீங்கோ!" என்று கோதண்டம் சிரித்தார். பிறகு மல்லிகாவின் முகத்தைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வரும் வரை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல பிடி. அந்தப் பிடி போய்விடக் கூடாது என்று அது ஒன்றுதான் ஜெபம்.

வியாழன், ஜூலை 10

மழை. தாம்பரம் சப்வேயில் தண்ணீர். நெஞ்சு 11, இடுப்பு 4.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தது வரை தெரியும். அப்புறம் தகவல் இல்லை. போன் அடித்தால் ஷீலா அக்கா எடுப்பதற்குள் நான் போய் நிற்கிறேன். டீ வாங்கி வந்து வைத்தார். "நேத்து சொன்னத மனசுல வெச்சுக்காத எஸ்தர்." வைத்துக்கொள்ளவில்லை. கவரில் போட்டது நான்தானே.

வெள்ளி, ஜூலை 11

சுரேஷ் அண்ணா வந்துவிட்டார், கல்யாண லட்டோடு. கோதண்டத்தின் முதல் பக்கவாட்டுப் படத்தையும் ஸ்விம்மர்ஸையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நானா இருந்தா அனுப்பியிருப்பேம்மா."

அவ்வளவுதான். லட்டு டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு ரூமைவிட்டுப் போய்விட்டார். ஐந்து மாதத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே பெரிய பாராட்டு. நாலு லட்டு தின்றேன்.

சனி, ஜூலை 12

வந்துவிட்டது! பன்னிரண்டரைக்கு மல்லிகாவின் போன். அழுதுகொண்டே சிரிப்பு, எதுவும் புரியவில்லை.

"ஆப்ரேசன் முடிஞ்சிச்சு சிஸ்டர். கையி காலு எல்லாம் ஆடுது. எழுந்ததும் டீ கேட்டு நர்ஸம்மாகிட்ட சண்ட! ஒரே ஒரு தபா கழுத்தத் திருப்பியிருந்தா படுத்த படுக்கதான்னு டாக்டரு சொன்னாரு."

ரிசப்ஷன் என்றும் பாராமல் கத்திவிட்டேன். பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"திருநீர்மல ஏறுறேன்னு வேண்டிக்கினேன் சிஸ்டர். உம் பேருக்கும் ஒரு அர்ச்சன. பேரு இன்னா?"

"எஸ்தர்."

"நட்சத்திரம்?"

"அது... எங்க வீட்ல பாக்க மாட்டாங்கக்கா. தெரியாது."

"பரவால்ல வுடு. எக்ஸ்ரே எடுக்குற பொண்ணுன்னு சொல்றேன். பெருமாளுக்குத் தெரியும்."