ஒன்பது பிள்ளைகளின் சராசரி

4 பிப்ரவரி 2025

தண்ணீர்க் குழாய்ச் செய்திக்காகத் தாராவியில் ஒரு சந்துக்குப் போனேன். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இசக்கிராஜின் பட்டறை அந்தச் சந்தில்தான். வாசலில், பிளாஸ்டிக் உறைக்குள், ஆணியடித்து என் செய்தி. இரண்டு வருடத்துக்கு முந்தையது. ‘பட்டறைப் புகையால் ஆபத்தில்லை: குழந்தைகளின் ரத்தப் பரிசோதனையில் உறுதி.’ கீழே என் பெயர்.

இசக்கிராஜ் கட்டிங் சாயா வாங்கிக் கொடுத்தார். “முனிசிபாலிட்டிக்காரன் எவன் வந்தாலும் இதைத்தான் காட்டுதேன் அண்ணாச்சி. படிச்சிட்டுப் பேசாமப் போயிருதான். பக்கா சர்ட்டிபிகேட்டுல்லா!”

‘உறுதி’ என்ற சொல்லை யார் போட்டது?

5 பிப்ரவரி

நான்தான். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். செம்பூர் சுகாதார அமைப்பில் புள்ளியியல் பார்க்கும் சஃபீனா அன்று எழுதித் தந்தது இது: “சோதித்த ஒன்பது குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி 6.1. கவலைக்குரிய எல்லை 5. ஆனால் இந்தச் சந்துக் குழந்தைகள் எல்லோருடைய சராசரியும் எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று முடிவு கட்ட இந்தத் தரவு போதாது.”

பக்கத்தில் இடத்துக்கு மூன்று வரி அதிகமாக இருந்தது. வெட்டினேன். ‘போதாது’ போய் ‘ஆபத்தில்லை’ வந்தது.

பதினொரு வருடம் கோர்ட் செய்தி எழுதியவன் நான். சாட்சியம் போதாமல் விடுதலையானவனை ‘நிரபராதி’ என்று ஒருநாளும் எழுதியதில்லை. எண்களிடம் மட்டும் ஏன் அந்தக் கவனம் இல்லாமல் போயிற்று?

7 பிப்ரவரி

சஃபீனாவை அவள் அலுவலகத்தில் பார்த்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலாம்.

“அன்னைக்கே மெயில் போட்டேன் சார். நீங்க பதில் போடல.”

ஒரு தாளில் விளக்கினாள். சராசரி எல்லையைத் தாண்டவில்லை என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். அது உண்மையாகவே இருந்தாலும், குருட்டாம்போக்கில் எடுத்த ஒன்பது பேரிடம் 6.1 அல்லது அதற்கு மேல் வருவது நூற்றில் பத்துத் தடவை நடக்கக்கூடியது. அது நூற்றில் ஐந்து தடவைக்குக் குறைவாக இருந்தால்தான் அந்த அனுமானத்தைத் தள்ளுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். அதனால் தள்ளவில்லை. தள்ளவில்லை, அவ்வளவுதான். அது சரி என்று யாரும் காட்டவில்லை.

“சரி, சராசரி நெஜமாவே ஆறுன்னு வெச்சுக்கோங்க. ஒம்பது பேரை வெச்சுப் பாத்தா, பத்துல ஏழு தடவை எல்லையைத் தாண்டினது நம்ம கண்ணுல படாது. பட்ஜெட் அவ்வளவுதான் இருந்துச்சு சார். அதான் ‘போதாது’ன்னு எழுதினேன்.”

பத்தில் ஏழு. வீடு வரும் வரை அதுவே ஓடியது.

8 பிப்ரவரி

ரயிலில் எதிர் வரிசையில் பள்ளிப் பிள்ளைகள். எண்ணினேன். ஒன்பது. நான் ஏன் எண்ணினேன்?

13 பிப்ரவரி

மறுபடி சோதிக்க சஃபீனா சம்மதித்தாள். நாற்பது பிள்ளைகள் வேண்டும். நான் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்.

நஸீரா என்கிற தாய் கதவை அகலத் திறக்கவே இல்லை. “ஒண்ணும் இல்லன்னு எழுதுனதும் நீங்க. இப்ப ரத்தம் கேக்கதும் நீங்க. நாளைக்கு என்ன கேப்பீய, கிட்னியா?”

பட்டறைக்கு எதிரே ஒற்றையறைக் கோலியில் ஆறுமுகத்தாய். மகள் மகேஸ்வரிக்கு ஐந்து வயது. அம்மா, தண்ணி, போ — இவ்வளவுதான் பேச்சு. ஆறுமுகத்தாய் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னாள்.

“ஆண்டாப் ஹில்ல இருந்தோம் அண்ணாச்சி. இங்க கோலி கெடைச்சுது. பட்டறை இருக்கேன்னு அவுக தயங்குனாக. நாந்தான் பேப்பரைக் காட்டி, பயப்படாதிய, பரிசோதிச்சிருக்காவன்னு கூட்டியாந்தேன்.”

என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான். என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

14 பிப்ரவரி

எழுதவில்லை. தூங்கவும் இல்லை.

23 பிப்ரவரி

சந்துத் தாய்மார்களைக் குழாயடியில் கூட்டி வைத்து, நான் எழுதியது தவறு என்று நின்றபடி சொன்னேன். யாரோ கேட்டார்கள்: “இதையும் பேப்பர்ல போடுவீயளா, இல்ல குழாயடியோட சரியா?” போடுவேன் என்றேன். நஸீராதான் முதலில் பெயர் கொடுத்தாள்.

2 மார்ச்

நாற்பது பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வீடுகளுக்கு எண் போட்டுச் சீட்டு எடுத்தார்கள். ஆறுமுகத்தாயின் வீடு வரவில்லை.

மகேஸ்வரியைச் சேர்த்துக்கொள் என்று சஃபீனாவிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

“நீங்க கவலைப்பட்டுப் பொறுக்கின பிள்ளையைச் சேர்த்தா, இந்தக் கணக்கு சந்தைப் பத்திப் பேசாது சார், உங்க கவலையைப் பத்தித்தான் பேசும். அவளைத் தனியா டெஸ்ட் பண்றேன். நாற்பதுல வராது.”



19 மார்ச்

முப்பத்தொரு பிள்ளைகள் முடிந்தது. இதுவரை என்ன வந்திருக்கிறது, பார்த்துவிடலாமே என்றேன். “நாற்பதுன்னு சொல்லிட்டோம். நடுவுல எட்டிப் பாத்து, புடிச்ச இடத்துல நிறுத்தினா அதுவும் பொய்தான்.” மடிக்கணினியை மூடிவிட்டாள்.

மகேஸ்வரியின் முடிவு மட்டும் வந்தது. பதினான்கு.

20 மார்ச்

மருத்துவர்: முதலில் அந்த வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். பேச்சு வராததற்கு இதுதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது என்றார்.

ஆறுமுகத்தாய் நாளையே பாண்டுப்பில் தம்பி வீட்டுக்குப் போகிறாள்.

11 ஏப்ரல்

நாற்பது பேர். சராசரி 5.9. முன்பைவிடக் குறைவு! ஆனால் எல்லையைத் தாண்டவில்லை என்ற அனுமானம் உண்மையாக இருந்தால், நாற்பது பேரிடம் இவ்வளவோ மேலோ வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தள்ளியாயிற்று.

ஏறக்குறைய அன்று என் கையில் இருந்த அதே எண்தான்.

15 ஏப்ரல்

ஆசிரியர் திருவேங்கடம் என் தலைப்பைப் பார்த்தார்: ‘சந்துக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயச் சராசரி எல்லையைத் தாண்டியிருப்பதற்கு வலுவான சான்று.’ “தலைப்பா இது, வக்கீல் நோட்டீஸா ஓய்? ‘நிரூபணம்’னு ஒரே சொல்லாப் போடும்.” மாட்டேன் என்றேன். அரை மணி நேரச் சண்டை. ஒரு சொல்லும் வெட்டாமல் போட ஒப்புக்கொண்டார். இரண்டாம் பத்தியில் என் பழைய செய்தி, அதன் தேதி, அது தவறு என்பது, என் பெயர்.

6 மே

பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். இசக்கிராஜ் போனில்: “உங்க பேச்சை நீங்களே மாத்துனா, நாங்க எதை அண்ணாச்சி நம்ப?” நியாயமான கேள்வி.

8 ஜூன்

பாண்டுப் போனேன். ஆறுமுகத்தாய்க்குத் தமிழ் வாசிக்கச் சிரமம். செய்தி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மகேஸ்வரி என் செருப்பைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

“எம்புள்ள இதுல எங்க இருக்கா?”

இல்லை என்றேன். சீட்டில் வரவில்லை, நாற்பதில் அவள் சேரவில்லை என்று சொன்னேன்.  ஆறுமுகத்தாய் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

“பேச்சுப் பயிற்சிக்குப் புதன்கிழமை போணும். டாக்டர் எல்லாத்தையும் கேப்பாக. அவளுக்கு எவ்வளவுன்னு எழுதுங்க. எப்ப குடிபோனோம், எப்ப கிளம்புனோம்னு எழுதுங்க. எதுக்குக் குடிபோனோம்னும் எழுதுங்க.”

எழுதினேன். மகேஸ்வரி, ஐந்து வயது, பதினான்கு. தேதிகள். கடைசியில் அந்தக் காரணம். வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

“கையெழுத்து?”

போட்டேன்.