கான்கிரீட்டுக்கு வந்தவர்களுக்கு

பாளையம்பட்டி,
வைகாசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் கோகுலுக்கு, அம்மா மாரீஸ்வரி சொல்ல உன் தங்கச்சி தங்கச்செல்வி எழுதுவது. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் காலையில் விளக்கேற்றும்போது அம்மா கும்பிடுகிறாள். எங்கள் நலத்தை மற்றக் கடிதங்களில் எழுதுவதுபோல ஒரே வரியில் எழுத முடியவில்லை அண்ணே, அதனால் பைய உட்கார்ந்து படி. போனில் சொன்னால் பிள்ளை பதறிவிடுவான், எழுத்தாக இருந்தால் நிறுத்தி நிறுத்திப் படிப்பான் என்று அம்மா சொல்கிறாள். எனக்கும் போனில் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். எழுதி முடித்து ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். அம்மா சொன்னதும் இதில் இருக்கிறது, நான் பார்த்ததும் இருக்கிறது.

நான் முதலில் கவனித்தது சின்ன விஷயம்தான். போன வாரம் ஒரு சாயங்காலம் அப்பா உட்கார்ந்துகொண்டு சங்கத்துக்குப் பேசினார். உனக்கு இது விளங்காது, ஏனென்றால் அப்பா கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதே நீ போன பிறகுதான். போன வருஷம் ஊரடங்கு போட்டதும் சங்க ஆபீசைப் பூட்டிவிட்டார்கள், கூட்டம் கூடக் கூடாது, பஸ்ஸும் இல்லை. நம் ஆட்கள் ரெட்டியபட்டி, வீரசோழன், திருச்சுழிப் பக்கம் என்று சிதறிக் கிடக்கிறார்கள், பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. அதனால் அப்பா சங்கத்துப் போனில் வாட்ஸப் குரூப் ஆரம்பித்து, சாயங்காலம் ஆனால் வாயால் பேசி அனுப்புவார். நான் பேப்பரைப் படித்துச் சொல்வேன். எந்த வேலைக்குத் தடை, எதற்கு இல்லை, நலவாரியத்து நிவாரணத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டும், ஊசி எங்கே போடுகிறார்கள் என்பதையெல்லாம் அப்பா தன் பேச்சாக மாற்றிச் சொல்வார். பேசுவதற்கு முன்னால் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். யாரு பாக்கப் போறான்னு இந்த மரியாதை என்று அம்மா கேலி செய்வாள். பாக்காட்டி என்ன, கேக்குறாகல்ல என்பார். ஊரில் அப்பாவுக்கு ரேடியோ கொத்தனார் என்றே பேர் ஆகிவிட்டது. இப்படிப்பட்டவர் அன்றைக்குக் கைலியைக்கூட இறக்காமல் நடையில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கிறுவோம் பாப்பா என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அலுப்பு என்றுதான் நாங்கள் நினைத்தோம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வீரசோழனில் ஒரு வீட்டுக்கு மேல்தளக் கான்கிரீட் போடப் போய்வந்தார். நீயே அந்த மாதிரி வேலைக்குக் குழாய் பதிக்கப் போயிருக்கிறாய், உனக்குத் தெரியும். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது, கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும், வரிசையில் ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் முகத்தில்தான் படும். வெயிலுக்கு மாஸ்க் எல்லாருக்கும் தாடைக்கு இறங்கிவிட்டதாம். ஒரே சொம்பில் மோர் சுற்றி வந்திருக்கிறது. முடிந்ததும் வீட்டுக்காரர் போட்ட கறிச்சோற்றை எல்லாரும் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். மற்ற வேலை என்றால் ரெண்டு பேர், மூணு பேர் என்று பிரித்துக்கொள்ளலாம், கான்கிரீட்டை எப்படிப் பிரிக்கிறது என்று அப்பாவே வந்து வருத்தமாகச் சொன்னார். அப்புறம் காய்ச்சல் வந்தது. கஷாயம் கொடுத்தோம், கேட்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். அண்ணே, அப்பாவுக்குக் கொரோனாதான். விருதுநகர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நேற்று நர்சம்மா போன் எடுத்து, கஞ்சி குடித்தார், பேச முடியவில்லை, கையைக் காட்டினார் என்று சொன்னார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப்போனார்கள், இல்லை என்று வந்துவிட்டது. நீ கிளம்பி வர நினைக்காதே, பிளேன் ஓடினாலும் வராதே, வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள் என்று அம்மா இந்த இடத்தில் அழுத்தி எழுதச் சொன்னாள்.

அன்றைக்கு ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறும்போது அப்பா என் பக்கம் திரும்பி, "காங்கிரீட்டுக்கு வந்தவுக எல்லாத்துக்கும் சொல்லிரு பாப்பா, டெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்றார். அதைச் சொல்லவே அவருக்கு மூச்சு போதவில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் அம்மா சங்கத்துப் போனை என் கையிலிருந்து வாங்கிச் சேலைக்குள் சொருகிக்கொண்டாள். வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லலாம், ஊருக்குச் சொல்லக் கூடாது என்றாள். சுகாதாரத்துறை ஆட்கள் வந்து இவர் யார் யாரோடு இருந்தார் என்று கேட்டதற்கும், வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். ஆம்புலன்சைப் பார்த்துவிட்டுக் கேட்ட தெருக்காரர்களிடம் வெறும் மூச்சிரைப்பு என்றாள். அம்மாவை நீ தப்பாக நினைக்காதே அண்ணே. போன வருஷம் இட்லிக்கடை சுந்தராம்பாள் அக்காவுக்குக் கொரோனா என்று வீட்டு வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள் இல்லையா, அந்த அக்கா பிழைத்து வந்து இத்தனை மாதம் ஆன பிறகும் பாதித் தெரு அவர்களிடம் இட்லி வாங்குவதில்லை. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பயம் அப்பாவின் பேரைப் பற்றியது. "தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன் தானே கொண்டாந்து ஊருக்குக் குடுத்தாருன்னுல பேசுவாக. ஒங்கப்பா வரட்டும், வந்து அவுக வாயால சொல்லிக்கிறட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

இதற்கிடையில் சென்ட்ரிங் பலகை அடிக்கும் வெள்ளத்துரை மாமா வந்தார், அவர்தான் சங்கத்துக்குப் பொருளாளர். வீரசோழனுக்கு அவர் போகவில்லை, அதனால் அவருக்குப் பயமும் இல்லை. குரூப் சத்தமில்லாமல் கிடந்தால் சந்தேகப்படுவார்கள், நான் சமாளிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா எப்போதோ பேசியதில் ஒன்றை எடுத்து முந்தாநாள் தன் போனிலிருந்து குரூப்புக்குத் தள்ளிவிட்டார். அது போன வருஷம் ஊரடங்கைத் தளர்த்தியபோது பேசியது. கட்டட வேலைக்குத் தடை இல்லை, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தைரியமாகப் போங்கள் என்று அப்பா அதில் கணீரென்று பேசியிருக்கிறார். பேச்சில் தேதியா இருக்கிறது? கேட்டவர்கள் எல்லாரும் இன்றைக்குப் பேசியது என்றே எடுத்துக்கொண்டார்கள். ரேடியோ பாடிருச்சு என்று ஒருத்தர் போட்டிருந்தார். வேறு சிலர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். அம்மாவுக்கும் அந்தக் குரலைக் கேட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது, இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டாள்.

உன் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா. கோடை மழை ஒரு தரம் தூறிவிட்டுப் போனது, கரிசல் வெடிப்புகூட மூடவில்லை. நீ அறையில் மற்றவர்களோடு ஒரே தட்டில் சாப்பிடாதே, தண்ணீரைச் சுட வைத்துக் குடி, காய்ச்சல் என்றால் மறைக்காமல் மேஸ்திரியிடம் உடனே சொல்லிவிடு என்று அம்மா சொன்னாள். நான் அதை எழுதி முடித்தேன். அந்த நேரத்தில்தான் சங்கத்துப் போனில் கருத்தம்மா அத்தை குரூப்புக்குப் பேசி அனுப்பியது வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், ரெட்டியபட்டிச் சித்தாள், வீரசோழனிலும் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று சட்டி வாங்கிக் கொடுத்தவர்கள். அம்மா போனை எடுத்து என்னிடம் நீட்டினாள், நான் போட்டேன். "ஏலே தூங்குமூஞ்சிகளா, நாளைக்கு எங்க ஊர்ல காங்கிரீட்டு. வீரசோழனுக்கு வந்த செட்டு அப்படியே வரணும். லோடு ஆட்டோ சொல்லியாச்சு. செயலாளரே போகலாம்னு சொல்லிட்டாக, அப்புறம் என்ன. நாலு காசு வந்தாத்தான் எம்மருமக பிள்ளப்பேத்துக்கு ஆகும், இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சொல்லி முடிக்கையில் தொண்டையை இரண்டு தரம் செருமினார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். வெயிலுக்குத் தொண்டை கட்டியிருக்கும், அவளுக்கு ஒண்ணும் இருக்காது என்றாள். இருந்தா என்று நான் கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அம்மா போனைத் திண்டில் வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். வெள்ளத்துரை மாமாவுக்குப் போன் போட்டேன். போகாதீகன்னு சொன்னா ஏன்னு கேப்பாக பாப்பா, ஒங்கம்மா சம்மதிக்காம நான் எப்படிச் சொல்லட்டும் என்று வைத்துவிட்டார். எழுதி அனுப்பலாம் என்றால் கருத்தம்மா அத்தைக்குப் படிக்கத் தெரியாது. படிக்கிறவர்களும் எழுத்தில் வருவதை நம்ப மாட்டார்கள், வாயால் சொல்வதுதான் சங்கத்துச் செய்தி என்று அப்பா ஒரு வருஷமாகப் பழக்கியிருக்கிறார். எனக்கோ ரேஷன் கடையில் சீனி வேண்டும் என்று சொல்லவே குரல் எழும்பாது. பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்கு இருந்த ஒரே நிம்மதி, எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான். அப்பா ஒரு தரம் நீயே பேசு பாப்பா என்று போனைக் கொடுத்தபோது மாட்டேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன்.

குழாயடிக்குப் போகும்போது அம்மா வாசலில் நின்று கடைசியாகச் சொன்னதை எழுதிவிடுகிறேன். மாரியாத்தா உன்னை நோய்நொடி அண்டாமல் காப்பாள், நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும், அப்பா எழுந்து வந்ததும் நாம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் போடு, பேசும்போது அழாதே, நீ அழுதால் அம்மா தாங்க மாட்டாள். ஊசி போட்டுக்கொண்டாயா என்பதை மறக்காமல் எழுது.

இப்படிக்கு உன் நினைவாகவே இருக்கும்
அம்மா மாரீஸ்வரி.
எழுதியது தங்கச்செல்வி.

அண்ணே, கையெழுத்துப் போட்ட பிறகு இதைச் சேர்த்து எழுதுகிறேன். போனை எடுத்துக்கொண்டு ஆட்டுக்கொட்டத்துக்குப் போனேன். முதல் தரம் பட்டனை அழுத்தியதும் குட்டி கத்தியதுதான் பதிவானது, அதை அழித்துவிட்டேன். மறுபடி அழுத்தினேன். "நான் செயலாளர் ஜெயபாண்டி மக தங்கச்செல்வி பேசுறேன். எங்கப்பாவுக்குக் கொரோனா, விருதுநகர் ஆஸ்பத்திரியில இருக்காக. முந்தாநாள் வந்தது போன வருசம் பேசுனது. வீரசோழன் காங்கிரீட்டுக்கு வந்தவுக யாரும் நாளைக்கு வேலைக்குப் போகாதீக, டெஸ்ட் எடுங்க. எங்கப்பாதான் சொல்லச் சொன்னாக. கருத்தம்மா அத்தை, மருமக பக்கத்துல போகாதீக" என்றேன். பாதியில் குடம் இடுப்பில் இருக்க அம்மா வந்து எதிரே நின்றாள். நான் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் விரலை எடுத்தேன், அது குரூப்புக்குப் போய்விட்டது.