பத்து நிமிடத்தில் காலமானார்

மார்ச் 3, செவ்வாய்

சந்தா இந்த மாதமும் இறங்கிவிட்டது. ஆசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். எல்லாச் செய்தியும் போனிலேயே சும்மா கிடைக்கிறது, நம்மை எவன் வாங்குவான்? நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னேன்: "நம்ம ஊர்ல யார் செத்தாங்கன்னு வேற எவனும் போடறதில்ல சார்."

காலமானார் பக்கத்தைப் பதினொரு வருடமாகப் பார்க்கிறவள் நான். பேப்பர் கைக்கு வந்ததும் ஜனங்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

மார்ச் 9, திங்கள்

காலமானார் பக்கத்துக்கென்று போன் செயலி தயார். யாராவது இறந்தால் சந்தாதாரர் போனில் உடனே மணி அடிக்கும். இதுவரை வீட்டார் வந்து மஞ்சள் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பெயர் அச்சேறும். ஒரு நாள் ஓடிவிடும். இனி மருத்துவமனையிலிருந்து ஆள் கூப்பிட்டால் போதும், பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவோம். படிவம் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

தலைக்கு இருபது சந்தா பிடிக்கவேண்டுமாம். முதலில் அகப்பட்டது அண்ணி. போனைப் பிடுங்கி நானே போட்டுக்கொடுத்தேன்.

"எழவுக்கெல்லாம் மணி அடிக்கணுமாடி?" என்று சிரித்தாள்.

"போட்டுக்கோ, அவ வேலையாவது பிழைக்கட்டும்" என்றான் அண்ணன், பஸ் டிரைவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே.

மார்ச் 27, வெள்ளி

புதுச் சந்தா அறுநூற்றுப் பன்னிரண்டு. ஆசிரியர் டீ வாங்கிக் கொடுத்தார். பதினொரு வருடத்தில் முதல் டீ.

ஏப்ரல் 8, புதன்

ஒரு தையற்காரம்மா அலுவலகத்துக்கு வந்தார். "கடையில பால் வாங்கிட்டு நிக்கறேன், போன் அடிக்குது. பாத்தா என் வீட்டுக்காரர் பேரு. உங்களை யாரும்மா முந்திக்கச் சொன்னது?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் நகரவில்லை. நான் கணினியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் அறிவிப்பு தட்டுகிற பையனுக்குப் 'புயல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அவன் கேட்டான்: "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமாக்கா?"

"நீ கேட்டுட்டு வர்றதுக்குள்ள வாட்ஸப்ல ஊர் சுத்திடும்" என்று சீறினேன்.

எனக்கு மனசு கல்லாகிவிட்டதா? பிழைப்பு. வேறென்ன.

ஏப்ரல் 9, வியாழன்

அந்தம்மா சந்தாவை நிறுத்திவிட்டார். போகட்டும், இன்றைக்கு மட்டும் நாற்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 29, புதன்

அது நடந்து எட்டு நாளாகிவிட்டது. எழுதித் தொலைக்கிறேன்.

போன செவ்வாய் காலை முதலாளி வந்திருந்தார். போனை அணைத்துவிட்டு, செயலி எப்படி வேலை செய்கிறது என்று சுவர்த்திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். அறிவிப்பு போனதும் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று எண் ஓடும். சரியாக அப்போது ஒன்று போயிற்று. "பாருங்க சார், எப்படி ஏறுதுன்னு" என்றேன். நூறு. முந்நூறு. எண்ணைத்தான் பார்த்தேன் — பாவி, எண்ணைத்தான் பார்த்தேன். பிறகுதான் பெயர்.

அண்ணன். வயது நாற்பத்தொன்பது. எங்கள் தெரு.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை ஓரங்கட்டியிருக்கிறான். பயணிகள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. புயலுக்கு அது என் அண்ணன் என்று தெரியாது. விதிப்படி பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டான். என் விதி.

முதலாளி "பிரமாதம்" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். மணி அடித்திருக்கிறது. பார்த்துவிட்டு என்னை ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

மே 6, புதன்

படிவத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று கேட்டேன். "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா அன்னிக்குத்தான் நமக்கு அதிகம் பேர் திறந்தது" என்றார் ஆசிரியர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். படிவம் வரவில்லை.

மே 18, திங்கள்

அண்ணி சந்தாவை நிறுத்தியிருப்பாள் என்று நினைத்துப் பட்டியலைப் பார்த்தேன். நிறுத்தவில்லை. ஒவ்வொரு அறிவிப்பையும் வந்த நிமிடமே திறக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், "போனைக் குடுங்க அண்ணி, அதை எடுத்துடறேன்" என்றேன். அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இருக்கட்டும்டி. பொண்ணு பைக்லதானே வேலைக்குப் போறா. ஏதாவதுன்னா உங்க ஆபீசுக்குத்தானே முதல்ல தெரியும்."